சொட்டு விழாமல் காப்பவர்

அழிந்துவரும் உயிரினங்களைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். அழியவே அழியாத ஓர் இனத்தைப் பற்றி நான் சொல்கிறேன். வீட்டுக்கு ஒருவர் நிச்சயம் உண்டு. மேசையில் நீங்கள் தண்ணீர் டம்ளரை வைத்ததும் எங்கிருந்தோ ஒரு கை நீண்டு அதை இரண்டு சாண் தள்ளி வைக்கிறதே, அந்தக் கைக்குச் சொந்தக்காரரைத்தான் சொல்கிறேன். 'சொட்டு விழாமல் காப்பவர்' என்று அவருக்குப் பெயர் வைத்திருக்கிறேன். பெயர் வைக்க நீ யார் என்று கேட்கிறீர்களா? நானே அந்த இனம்தான். அதுவும் சும்மா இல்லை, சம்பளம் வாங்கிக்கொண்டு அந்த இனமாக இருந்தவன்.

என் பெயர் கண்ணாயிரம். அடி அண்ணாமலையில் பிறந்து, சென்னையில் விமானம் பழுதுபார்க்கும் கொட்டகையில் காலம் தள்ளி, ஓய்வு பெற்றபின் திருவண்ணாமலையில் செங்கம் ரோட்டுக்குப் பக்கத்துத் தெருவில் வீடு கட்டிக்கொண்டு வந்தவன். விமானத்தில் காபி ஊற்றித் தருகிறார்களே, சில விமானங்களில் அந்தச் சின்ன அடுக்களைக்கும் கழிவறைக்கும் நேர் கீழே, தரைக்கு அடியில், ஓர் அறை இருக்கும். விமானத்தின் மூளை முழுவதும் பெட்டி பெட்டியாக அங்கேதான். மேலே சிந்துகிற காபியும் கைகழுவுகிற தண்ணீரும் பலகை இடுக்கு வழியாக இறங்கி அந்தப் பெட்டிகளை நனைத்தால், நடுவானத்தில் விமானியின் முன்னால் உள்ள திரைகள் இருண்டுபோகலாம். அதனால் விமானப் பாதுகாப்புத் துறை ஓர் ஆணை போட்டது. இடுக்கை அடை, பெட்டிகளுக்கு மேலே கூரை மாதிரி ஒரு தகடு மாட்டு, தகட்டில் விழும் தண்ணீர் வெளியே போக ஒரு குழாய் வை, குழாய் அடைபடாமல் பார்த்துக்கொள், பார்த்தேன் என்று கையெழுத்துப் போடு. போடாத விமானம் பறக்கக் கூடாது. கையெழுத்துப் போட்டவன் நான். நல்ல ஆணை அது. அதைக் கேலி செய்தால் என் நாக்கு அழுகிவிடும். கேலிக்குரியது ஆணை இல்லை, அதை வீட்டுக்குத் தூக்கிக்கொண்டு வந்த ஆள்.

நான் ஓய்வு பெற்றேன். ஆணை ஓய்வு பெறவில்லை. பறக்காத பொருள்களுக்கெல்லாம் அதை அமல்படுத்தத் தொடங்கினேன். மிக்சிக்குப் பக்கத்தில் சொம்பு கூடாது, டிவிக்கு மேலே பூச்சாடி கூடாது, ஈரத் தலையோடு யாரும் ஸ்விட்ச் போர்டு பக்கம் போகக் கூடாது, கல்யாண வாசலில் பன்னீர் தெளிக்கிற பெண்கள் மைக் செட்டுக்கு முதுகைக் காட்டி நின்றுதான் தெளிக்க வேண்டும், பௌர்ணமிக்குக் கிரிவலப் பாதையில் இளநீர் வெட்டுகிறவர் தன் செல்போனை இளநீர்க் குவியல் மேல் வைத்திருந்தால் நான் நின்று, என் பின்னால் வருகிற கூட்டத்தையும் நிற்க வைத்து, அதன் அபாயத்தை விளக்கிவிட்டுத்தான் நகர்வேன். கேட்டவர்கள் யாராவது நன்றி சொன்னார்களா? ஒருவர்கூட இல்லை. "ஒரு சொட்டு போதுங்க" என்று நான் ஆரம்பித்தாலே மனைவி சந்திரம்மாள் அடுப்பில் ஏதோ தீய்வதாகச் சொல்லி உள்ளே போய்விடுவாள்.

கோயிலையும் விடவில்லை. சுந்தரேஷ் குருக்கள் எனக்குப் பழக்கம். கிரிவலப் பாதையிலுள்ள ஒரு சின்னச் சன்னிதியில் அவர் அபிஷேகம் செய்துகொண்டிருந்தபோது, ஒலிபெருக்கிப் பெட்டி ஈரத் தரையில் உட்கார்ந்திருப்பதைப் பார்த்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சாமி தெரியவில்லை, பெட்டி மட்டும்தான் தெரிந்தது. அக்கினித் தலமாயிற்றே, தண்ணீரைக் கொஞ்சம் குறைத்தால் என்ன என்று வாதாடினேன். அவர் நிதானமாகக் குடத்தைக் கீழே வைத்தார்.

"சாமிகிட்ட நீங்களே கேட்டுடுங்க சார். கம்மியா ஊத்துனா போதும்னு அவரு சொல்லிட்டாருன்னா எனக்கும் வேலை கம்மி."

வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நான் சிரிக்கவில்லை. எங்கள் இனம் சிரிக்காது. யார் யார் சிரித்தார்கள் என்று பார்த்து வைத்துக்கொள்ளும், ஒரு நாள் பெட்டி புகையட்டும், அப்போது பேசிக்கொள்ளலாம் என்று.

இப்படி ஊருக்கு உபதேசம் செய்துகொண்டிருந்தவனுக்கு வீட்டிலேயே வேலை வந்தது. என் மகள் சிந்துஜா எலக்ட்ரானிக்ஸ் படித்து முடித்து வேலை தேடிக்கொண்டிருந்தாள். சொந்தக்காரர்கள் 'பொண்ணு என்ன பண்ணுது?' என்று கேட்பதை நிறுத்திவிட்டு 'பையன் பார்க்கலாமா?' என்று கேட்கத் தொடங்கியிருந்தார்கள். அவள் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் மாடிக்குப் போய்விடுவாள். அந்த நேரத்தில்தான் பெங்களூரில் விமான மின்னணுப் பெட்டிகளைப் பழுதுபார்க்கும் ஒரு நிறுவனத்திலிருந்து கடைசிச் சுற்று நேர்காணலுக்கு அழைப்பு வந்தது. வீட்டிலிருந்தே கணினியில், முகம் பார்த்துப் பேச வேண்டும். இது கிடைக்காவிட்டால் தைக்குள் கல்யாணம் என்று சந்திரம்மாளின் அண்ணன் முடிவே கட்டிவிட்டார்.

மழைக்காலம். மின்சாரம் எப்போது போகும் என்று மின்வாரியத்துக்கே தெரியாது. இன்வெர்ட்டரும் இன்டர்நெட் பெட்டியும் கூடத்து மூலையில் ஒன்றன்மேல் ஒன்றாக இருந்தன. அவற்றுக்கு நேர் மேலே என்ன தெரியுமா? மாடி அறையில் வருஷா வருஷம் தியானத்துக்கு வந்து தங்கும் வெளிநாட்டு அம்மாளின் குளியலறை. கூரையில் லேசாக ஈரப் படலம் வேறு. மேலே தண்ணீர், கீழே மூளை! எனக்கு உடம்பு சிலிர்த்தது. இத்தனை வருஷப் பழக்கத்துக்கு ஏற்ற ஒரு விமானம் என் கூடத்திலேயே நின்றுகொண்டிருந்திருக்கிறது.

வெள்ளம் வருமுன் அணை போட உட்கார்ந்தேன். கெட்டியான பிளாஸ்டிக் பலகை வாங்கி வந்து, இரண்டு பெட்டிகளையும் சுற்றி ஒரு கூண்டு கட்டி, மேலே சரிவாகக் கூரை வைத்து, மூலைமுடுக்கெல்லாம் சிலிக்கான் பசை பூசினேன். காற்றுக்கு மட்டும் மேல்பக்கத்தில் வலை அடித்த ஒரு சன்னல். ஆணைப்படி அடியில் தண்ணீர் வெளியேற ஒரு துளையும் வைத்தேன். மறுநாள் காலையில் அந்தத் துளை வழியாக ஒரு பல்லி தலையை நீட்டி என்னைப் பார்த்தது. என்ன தைரியம்! உடனே துளையைப் பசை வைத்து அடைத்தேன். அடைத்த இடத்தில் பேனாவால் கையெழுத்தும் போட்டேன். பழக்கதோஷம். சந்திரம்மாள் வந்து பார்த்து, கற்பூரம் காட்டிவிடலாமா என்று மட்டும் கேட்டாள்.

நேர்காணல் நாளன்று விடியற்காலையிலிருந்தே அடைமழை. மலையே தெரியவில்லை. பதினோரு மணிக்கு அழைப்பு. சிந்துஜா புதுச் சுடிதார் போட்டுக்கொண்டு, தலை வாரி, பதில்களை முணுமுணுத்தபடி கூடத்தில் நடந்துகொண்டிருந்தாள். நான் மாடிக்குப் போய், இன்று மதியம்வரை குளிக்க வேண்டாம் என்று அந்த அம்மாளைக் கேட்டுக்கொண்டேன். அவர் பதில் பேசவில்லை, மௌன விரதமாம். அவரை நான் ஒரு எதிரியைப் போலக் கண்காணித்துக்கொண்டிருந்த அதே நேரத்தில், மொட்டைமாடியிலிருந்து சுவர்த் துளை வழியாகக் கூண்டுக்குள் போகும் இன்டர்நெட் ஒயரைப் பிடித்துக்கொண்டு மழைத் தண்ணீர் அமைதியாக உள்ளே நடந்து போய்க்கொண்டிருந்தது.

மின்சாரம் போனது. இன்வெர்ட்டர் ஒரு நிமிஷம் வேலை செய்தது. பிறகு உள்ளேயிருந்து 'டப்' என்று ஒரு சத்தம், அதைத் தொடர்ந்து கருகல் நாற்றம். மெயினை அணைத்துவிட்டு, பசையைக் கத்தியால் கீறிக் கூண்டைத் திறந்தேன். என் காலில் ஒரு குடம் தண்ணீர் கொட்டியது. வெளியிலிருந்து ஒரு சொட்டும் உள்ளே போகவில்லை என்று சொல்ல மாட்டேன். உள்ளே போனதில் ஒரு சொட்டுகூட வெளியே வரவில்லை என்று கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்வேன். என் கையெழுத்து மட்டும் நனைந்தும் அழியாமல் பளிச்சென்று இருந்தது.

சிந்துஜா என்னைத் திட்டியிருக்கலாம். திட்டவில்லை. செல்போனைப் பார்த்தாள், மழையில் சிக்னலும் இல்லை. கண் கலங்கியது. ஒரு பெண்ணின் பிழைப்பை நான் பசை போட்டு ஒட்டிவிட்டேனே என்று இருந்தது.

"அப்பா, மெயின் ரோட்டு காபிக் கடையில ஜெனரேட்டர் ஓடும், நெட்டும் இருக்கும். கிளம்புங்க, நடந்தே போயிடலாம்."

அப்போதாவது நான் சும்மா இருந்திருக்கலாம் அல்லவா? எங்கள் இனத்துக்கு அது முடியாது. அவளுடைய மடிக்கணினியைப் பிடுங்கி ஒரு பிளாஸ்டிக் பையில் போட்டு முடிச்சுப் போட்டேன். அந்தப் பையை இன்னொரு பையில் போட்டு முடிச்சு. அதன்மேல் என் மழைக்கோட்டைச் சுற்றிக் கயிற்றால் ஒரு கட்டு. கணினி நனையவில்லைதான். ஆனால் கடைக்குப் போய்ச் சேர்ந்தபின் முடிச்சு அவிழவில்லை. ஈரத்தில் இறுகிவிட்டது. நான் நகத்தால் நோண்டிக்கொண்டிருக்க, சிந்துஜா கேக் வெட்டுகிற கத்தியைக் கடைக்காரரிடம் வாங்கி எல்லாவற்றையும் ஒரே இழுப்பில் கிழித்தாள். திரையில் மூன்று பேர் ஏற்கெனவே காத்திருந்தார்கள்.

அந்தக் கடையில் எதையாவது வாங்கினால்தான் உட்காரலாம். ஒரு காபியைக் கொண்டுவந்து கடைக்காரர் கணினிக்குப் பக்கத்தில், விசைப்பலகைக்கு நான்கு விரல் தள்ளி வைத்தார். நான் பாய்ந்து அதை எடுத்துக்கொண்டேன். எனக்கான காபியும் வந்தது. அதையும் மேசையைத் தொட விடவில்லை. கணினிக்குப் பின்னால், அவர்கள் கண்ணில் படாத நாற்காலியில், இரண்டு கையிலும் இரண்டு கோப்பையை ஏந்தியபடி உட்கார்ந்தேன். என் மூக்குக்கண்ணாடி ஆவி படிந்து மங்கியது. துடைக்கக் கை இல்லை. பக்கத்து மேசை வெளிநாட்டுக்காரர் அதை ஏதோ தியான முத்திரை என்று நினைத்துக்கொண்டு மரியாதையாகத் தலையாட்டினார்.

கேள்விகள் ஒழுங்காகத்தான் போய்க்கொண்டிருந்தன. நடுவில் ஒருவர் கேட்டார்: பாதுகாப்புக்காகச் செய்த ஏற்பாடே பழுதுக்குக் காரணமானதை நீங்கள் நேரில் பார்த்ததுண்டா? சிந்துஜா ஒரு விநாடி என் பக்கம் பார்த்தாள். பிறகு நிமிர்ந்து உட்கார்ந்து ஆங்கிலத்தில் சொல்ல ஆரம்பித்தாள். மேலே ஈரம் இருக்கும் ஓர் இடம், கீழே மின்னணுப் பெட்டி, மேலிருந்து வரும் என்று எதிர்பார்த்து அடைத்த கூண்டு, ஒயர் வழியாக வந்த தண்ணீர், பூச்சிக்குப் பயந்து மூடப்பட்ட வடிகால். ஒன்றையும் விடவில்லை, பல்லியைக்கூட. தண்ணீர் உள்ளே வராது என்று நம்பிக் கட்டாதீர்கள், வந்தே தீரும், வந்தது வெளியே போக வழி வையுங்கள் என்று முடித்தாள். அவ்வளவு தெளிவாக அந்த ஆணையை எனக்குக்கூட யாரும் விளக்கியதில்லை.

அந்தப் பணியைச் செய்தது யார் என்று அவர்கள் கேட்டார்கள். கோப்பைகளோடு நான் நாற்காலியில் இன்னும் தாழ்ந்து உட்கார்ந்தேன்.

அனுபவம் மிகுந்த ஒரு மூத்த பொறியாளர் என்றாள். அவருக்கு விதி தெரியாமல் இல்லை, விதி தனக்கும் சேர்த்துத்தான் என்பது அன்றைக்கு மறந்துபோய்விட்டது என்றாள்.

திரையில் மூன்று பேரும் சிரித்தார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. அதைவிட ஜாஸ்தியாகப் பெருமையாக இருந்தது. அதற்கொன்றும் இதற்கொன்றுமாக, ஆறிப்போன இரண்டு காபியையும் நானே குடித்தேன்.

மழை விட்டபின் வீட்டுக்கு நடந்தோம்.

"என் பேரைச் சொல்லலையேம்மா நீ."

"சொன்னா அடுத்து உங்களையும் இன்டர்வியூக்குக் கூப்டுவாங்கப்பா."

வேலை கிடைத்தது. பெங்களூர் போய்விட்டாள். கல்யாணப் பேச்சு இப்போதைக்கு அடங்கிவிட்டது. அங்கே புதிதாகச் சேர்கிறவர்களுக்கு முதல் வாரத்திலேயே அவள் சொன்ன கூண்டுக் கதையைப் பாடமாகச் சொல்கிறார்களாம். என் பல்லி அங்கே மிகவும் பிரபலம். சந்திரம்மாள் இதைத் தெரு முழுக்கச் சொல்லிவிட்டாள், பெருமை மகளுக்கு, பாடம் புருஷனுக்கு என்று பிரித்து.

சரி, இவ்வளவு நேரம் என்னைப் பார்த்துச் சிரித்தீர்கள். இப்போது எழுந்துபோய் உங்கள் வீட்டு டிவி ரிமோட்டை எடுத்துப் பாருங்கள். வாங்கின அன்றைக்கு மாட்டிய பிளாஸ்டிக் உறை இன்னும் இருக்கிறதா? உறைக்குள் பட்டன் தெரியாமல், அழுத்திய விரலுக்கு மட்டுமே தெரிந்த இடத்தில் அழுத்தி, சத்தம் கூட்டுவதற்குப் பதில் சேனல் மாற்றுகிறீர்களா? உறையின் வாயை ரப்பர் பேண்டு போட்டு வேறு இறுக்கியிருக்கிறீர்களா? 'அதெல்லாம் இல்லைங்க, நான் கொஞ்சம் ஜாக்கிரதையான ஆளு, அவ்வளவுதான்' என்று சொல்ல வாய் வருகிறதல்லவா? சொல்லுங்கள், தாராளமாகச் சொல்லுங்கள். துளையை அடைத்துக் கையெழுத்துப் போட்டபோது நானும் அதைத்தான் சொன்னேன்.