முதல் துப்பாக்கி வாங்குவோரின் காவலர்

நிபுணர்களில் எத்தனையோ வகை உண்டு. அவர்களில், முயல் சுட ஆசைப்பட்டு அடுத்தவர் வாங்கப்போகும் முதல் ஏர்கன் என்கிற காற்றுத் துப்பாக்கிக்கு யோசனை சொல்வதற்கென்றே பிறவி எடுத்த ஓர் இனத்தை உங்களுக்கு அறிமுகப்படுத்துகிறேன். இங்கிலாந்தில் எங்கள் யார்க்‌ஷயரில் இந்த இனம் ஞாயிற்றுக்கிழமை காலைகளில், சுடும் கிளப்பின் தகரக் கொட்டகையில், கையில் தேநீரும் மீசையில் ரொட்டித் துணுக்குமாகக் காணப்படும். சுடுமா? சுடாது. யோசனை சொல்லி முடித்தபின் சுடுவதற்கு நேரம் ஏது?

எங்களுக்கு வாய்த்தவர் பேசில் ஹார்டகர். வீட்டில் ஓர் அலமாரி நிறையத் துப்பாக்கி. ஒவ்வொன்றுக்கும் உறை, உறைக்கு மேலே இன்னோர் உறை. முயல்கறி சமைத்ததுண்டா என்று அவர் மனைவியைக் கேட்டுப் பாருங்கள். "கறிக்கடை எதுக்குங்க இருக்கு?" என்பார்.

நீங்கள் எந்தத் துப்பாக்கியின் பெயரைச் சொன்னாலும் பேசில் முதலில் கண்ணை மூடிக்கொள்வார். துக்க வீட்டில் விசாரிக்கிற குரலில், "ஸ்பிரிங் வச்சதா? உதைக்குமேப்பா" என்பார். சரி, காற்று அடைத்தது வாங்குகிறேன் என்றால், "அதுக்குக் காத்துப் புட்டி வேணும், புட்டிக்குப் பம்பு வேணும், பம்பு அடிக்கத் தோள்பட்டை வேணும். இருக்கா?" மெல்லிய ரவை என்றால் காற்று தள்ளிவிடும், தடித்த ரவை என்றால் போகிற வழியிலேயே தொங்கிவிடும். கடைசியில், "எனக்கென்ன, உன் காசு. அப்புறம் நான் சொல்லலைன்னு மட்டும் சொல்லாதே." எதைத்தான் வாங்குவது? அதை மட்டும் அவர் இன்றுவரை சொன்னதில்லை.

இப்படிப்பட்டவரிடம்தான் போய் மாட்டினார் ராட்னி. பஸ் ஓட்டி ஓய்வு பெற்றவர், ஈ எறும்புக்குக்கூட "மன்னிக்கணும்" சொல்லி வழிவிடுகிற ஆள். அவருக்கு வாழ்க்கையில் மிச்சமிருந்த ஒரே ஆசை, சொந்தமாகச் சுட ஒரு வயல். இங்கே ஏர்கன்னை உரிமம் இல்லாமலே யார் வேண்டுமானாலும் வாங்கிவிடலாம். தன் நிலத்தில் சுட ஒரு விவசாயி அனுமதி தருவதுதான் பெண் கிடைப்பதைவிடக் கஷ்டம். ராட்னிக்கு அது கிடைக்கிற மாதிரி இருந்தது. பக்கத்து விவசாயி ஹில்டா ஓல்ராய்ட் அம்மாளின் பார்லியை முயல்கள் மேய்ந்து தள்ளிக்கொண்டிருந்தன.

"சனிக்கிழமை சாயங்காலம் வா. என் கண்ணெதிர்ல ஒண்ணைத் துடிக்கவிடாம விழவை. வயல் உனக்கு. இல்லைன்னா வேற ஆள் பார்த்துக்கறேன்" என்று அந்த அம்மாள் சொல்லிவிட்டார்.

அதற்கு முன்பே ராட்னி வாழ்நாளில் ஒரே ஒரு தைரியமான காரியம் செய்திருந்தார். பேசிலைக் கேட்காமல், கடைக்காரர் கையில் கொடுத்த சாதாரண ஸ்பிரிங் துப்பாக்கியை வாங்கி, கொல்லையில் மாதக்கணக்கில் பழகியிருந்தார். சோடா மூடியை வைத்தால் மூடி பறக்கும். நானே பார்த்திருக்கிறேன்.

சனிக்கிழமை பேசிலும் வந்தார். "சும்மா பார்க்கத்தான்" என்றார். துணைக்கு நானும் போயிருந்தேன்.

ஈரப் புல்லில் ராட்னி குப்புறப் படுத்தார். பேசில் அவர் காதோரம் படுத்தார். ஹில்டா அம்மாளும் நானும் வயலின் கேட்டருகே நின்றோம். வேலியடியிலிருந்து கொழுத்த முயல் ஒன்று வந்து, பக்கவாட்டில் திரும்பி, போட்டோவுக்கு உட்கார்ந்த மாதிரி உட்கார்ந்தது.

"அவசரப்படாதே" என்றார் பேசில். "காத்து இடப்பக்கமிருந்து வருது."

"அப்படியா?" ராட்னி கண்ணை எடுத்துத் திரும்பித் தலையாட்டினார். பேசுகிறவர் முகத்தைப் பார்க்காமல் கேட்பது இங்கே மரியாதை இல்லை.

"விசையை இழுக்காதே, அழுத்து. குறிபார்க்கிற ஸ்கோப்பு மட்டும் இருந்தா..."

"சுவாரஸ்யமா இருக்கு, பேசில்." மறுபடி தலையாட்டல்.

முயல் அந்த வரிசைப் பார்லியை முடித்துவிட்டு, நிதானமாக வளைக்குள் போயிற்று. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஹில்டா அம்மாள் கேட்டைத் திறந்துவிட்டார்.

"முயலுக்குப் பாடம் நடத்த எனக்கு ஆள் வேண்டாம்ப்பா. போயிட்டு வாங்க."

"ஹில்டாம்மா, இன்னும் ஒரே ஒரு தடவை..."

"நீ நல்லவன்தான் ராட்னி. பார்லி மிஞ்சணும்ல?"

ராட்னி துப்பாக்கியை உறையில் போட்டார். ஜிப் பாதியில் சிக்கிக்கொண்டது. பேசில் அவர் தோளில் தட்டி, "பார்த்தியா? அந்தத் துப்பாக்கி உதவாதுன்னு எனக்குத் தெரியும்" என்றார். அன்று ஒரு தடவைகூடச் சுடாத துப்பாக்கி!

சிரிக்கிறீர்களா? சிரியுங்கள். ஆனால் "அந்த ஆள் பேசினால் பேசட்டும், நீ சுடய்யா!" என்று முயல் உட்கார்ந்திருந்த நேரம் முழுக்க ராட்னியின் இன்னொரு காதில் கத்திக்கொண்டிருந்தது யார்? யாரும் இல்லை. நானும் கேட்டருகே மரியாதையாக நின்றுகொண்டுதான் இருந்தேன்.