உலகநாதன் பெயர்த்த பூசணிக்காய்

ஒரு வாரத்துக்கு இந்த வீட்டில் யாரும் வாய் திறக்கக் கூடாது என்று உலகநாதன் உத்தரவு போட்டார். வீட்டில் இருப்பதே இரண்டு பேர். அவரைக் கழித்தால் மீதி லோகநாயகி. பெயரளவில் இருவருக்கும் ஒரே உலகம்தான். அதில் யாருக்கு எவ்வளவு இடம் என்பதில்தான் கல்யாணமான நாளிலிருந்து வழக்கு.

உத்தரவுக்குக் காரணம் முந்தின நாள் வந்துபோன பாதிரியார். ஸ்பெயின் தேசத்துக்காரர்; பூந்தமல்லியில் பள்ளிக்கூடம் நடத்துகிறவர். தன் ஊர் ஜனங்கள் பேச்சுவாக்கில் சொல்லும் மரபுத்தொடர்களை வார்த்தைக்கு வார்த்தை ஆங்கிலத்தில் தட்டச்சு செய்து, ஒரு கட்டாகச் சுமந்துகொண்டு ஆவடி தொழிற்சாலைக் குவார்ட்டர்ஸுக்கே வந்துவிட்டார்.

"இதையெல்லாம் இங்கிலீஷ்காரர் எப்படிச் சொல்வாரோ அப்படி இயல்பாக மாற்றவேண்டும். புத்தகம் போடுகிறோம். உங்கள் மனைவி பி.ஏ. ஆங்கிலமாமே? அவர் செய்து தந்தால் பெயரும் போடுவோம். எங்கள் பள்ளியில் டீச்சர் வேலையும் காலியாக இருக்கிறது."

"அவளுக்கு ஊட்டு வேலையே தலைக்கு மேல கெடக்கு ஃபாதர். நானே முடிச்சுத் தர்றேன்" என்றார் உலகநாதன்.

பி.ஏ. படித்தவள் அடுக்களையில் இருக்க, பத்தாவது தேறியவர் பேனாவைத் திறப்பது எந்த ஊர் நியாயம்? கேட்டால், "நான்தானே புருஷன்" என்பார். அதற்குமேல் அவரிடம் வாதம் கிடையாது. தொழிற்சாலையில் சுற்றறிக்கைகளைத் தமிழாக்கி அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிற குமாஸ்தா அவர். மூலத்தில் எத்தனை வார்த்தையோ அத்தனை வார்த்தை. அதுதான் அவர் தொழில் தர்மம். உஷாராக இருங்கள் என்பதை இங்கிலீஷ்காரன் சொன்னபடியே, 'கண்களைத் தோலுரித்து வைத்திருக்கவும்' என்று அவர் ஒட்டிய அன்றைக்கு, இரண்டாவது ஷிப்டே உள்ளே வர மறுத்தது.

பாதிரியாருக்கு லோகநாயகி கொண்டுவந்த காபி ஆறிப்போயிருந்தது. கதவுக்குப் பின்னால் எவ்வளவு நேரம் நின்றால் காபி அப்படி ஆறும் என்று உலகநாதன் யோசிக்கவில்லை.

முதல் தொடர், 'அவள் அவனுக்குப் பூசணிக்காய் கொடுத்தாள்.' அவரும் பூசணிக்காய் என்றே எழுதினார். லோகநாயகி தோளுக்கு மேலே எட்டிப் பார்த்தாள்.

"இன்னாங்க, பொண்ணு கேட்டு வந்தவன வேணாம்னு அனுப்பறதுக்கு அந்த ஊர்ல அப்டி சொல்லுவாங்க போல. அடுத்த வரில அவன் அழுதுகினே போறானே."

"பூசணிக்கான்னா பூசணிக்கா. உன்ன வாய மூடச் சொன்னேன்."

"மூடிக்கறேன். ஆனா ஒண்ணு. ஒரு பேச்ச அதோட ஊர்லேர்ந்து கூட்டியாந்து பாதி வழில எறக்கி உட்டா, அது சும்மா போவாது. பழைய எடத்துக்கும் திரும்ப முடியாம, புது எடமும் கெடைக்காம, எறக்கி உட்ட ஊட்டையே சுத்திகினு கெடக்கும்."

"யார்டி சொன்னது?"

"எங்க காலேஜ்ல பாடமே அதான்" என்றாள், சிரிக்காமல்.

மறுநாள் விளக்கு வைக்கும் நேரத்துக்கு அவர் வீடு திரும்பினார். கரண்ட் இல்லை. அவருடைய நாற்காலியில் யாரோ உட்கார்ந்திருந்தார்கள். குள்ளமாக, உருண்டையாக, கழுத்தே இல்லாமல். அருகே போனார். பூசணிக்காய். உச்சியில் ஒரு துண்டு வெட்டி, உள்ளே குங்குமம் கரைத்து, சிவப்பு வழிய வழிய. திருஷ்டி சுற்றி முச்சந்தியில் உடைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் வரவேண்டிய சமாசாரம். உடைந்து கிடக்கும் பூசணிக்காயைத் தாண்டக்கூட அஞ்சி, சைக்கிளைத் தூக்கிக்கொண்டு சுற்றிப் போகிறவர் உலகநாதன். அது இப்போது வீட்டுக்குள், அவர் இடத்தில், அவர் எழுதிய காகிதத்தைப் பார்த்தபடி!

"லோகா! என் நாற்காலில இன்னாது அது?"

அடுக்களையிலிருந்து அவளைக் கையைப் பிடித்து இழுத்து வருவதற்குள் நாற்காலி காலி.

"நாற்காலிலயா? ஒண்ணியும் காணமே" என்றாள் லோகநாயகி. காகிதத்தில் மட்டும், பூசணிக்காய் என்ற வார்த்தையின்மேல், ஒரு சிவப்புச் சொட்டு ஈரமாக இருந்தது.

ஜன்னலுக்கு வெளியே, பக்கத்து வீட்டுக் குப்பம்மா மதிலுக்கு மேலே தலையை நீட்டினாள். "இன்னா சார், மூஞ்சி சுண்ணாம்பு மாரி கீது?"

"ஒன்னுமில்ல!"

ஆண்பிள்ளை அல்லவா, விடுவாரா? காசை வாரியிறைத்தவனைப் பற்றி அந்த ஊரில் சொல்லும் 'வீட்டை ஜன்னல் வழியே வீசினான்' என்ற அடுத்த தொடரையும் வீடு, ஜன்னல், வீச்சு எதுவும் குறையாமல் எழுதி வைத்துவிட்டுத்தான் வேலைக்குப் போனார்.

சாயங்காலம் வந்தால் கூடத்தில் ஒரு சாமான் இல்லை. ஜன்னல் மட்டும் திறந்து ஆடிக்கொண்டிருந்தது. எட்டிப் பார்த்தார். தோட்டத்தில், கூடத்தில் எப்படி இருந்ததோ அப்படியே, கட்டில், நாற்காலி, மேஜை, மேஜைமேல் மைக்கூடு. இல்லாத சுவரில் சாய்ந்து நிற்பதுபோல் காலண்டர்கூட ஒரு குச்சியில் தொங்கியது. யாரோ அங்கே குடித்தனம் நடத்துகிறார்கள், ஆளைத்தான் காணவில்லை.

லோகநாயகி வெறுந்தரையில் உட்கார்ந்து அவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"யார்டி தூக்கி வெளிய வெச்சது?"

"காத்து."

"காத்து மைக்கூட்டுக்கு மூடி போடுமா?"

"நல்ல காத்துங்க."

மூன்றாவது தொடர் பூனைக்கு மூன்று கால் தேடுவது. இல்லாத சிக்கலை இழுத்து வைத்துக்கொள்வதற்கு அந்த ஊரில் அப்படிப் பேச்சு. உலகநாதன் அதையும் அப்படியே எழுதினார். வேறு விதமாக எழுத அவருக்குத் தெரிந்தால்தானே! மறுநாள் பொழுது சாயும்போது மதில்மேல் ஒரு சாம்பல் பூனை அவருக்காகவே காத்திருந்ததுபோல் எழுந்தது. நொண்டவில்லை. தாவவில்லை. நிதானமாக, மூன்று கால்களை ஒன்றன்பின் ஒன்றாக வைத்து, அவரோடு கூடவே வாசல்வரை நடந்து வந்தது. நான்காவது காலின் தழும்புகூட இல்லை. பிறக்கும்போதே அந்தக் கணக்கில் பிறந்த மாதிரி.

உள்ளே ஓடித் தாளிட்டார். அடுத்த தொடரைப் பார்த்தார். 'காலை நீட்டினான்.' ஓரத்தில் பாதிரியார் பென்சிலால் குறித்திருந்தார்: செத்துப்போனான்.

அன்றைக்கு மடக்கிய காலை உலகநாதன் அதன்பின் நீட்டவில்லை. சம்மணம் போட்டுச் சாப்பிட்டார். சுருண்டு படுத்தார். மறுநாள் தொழிற்சாலையில் நாற்காலிமேல் குந்தியிருந்ததைப் பார்த்து மேலதிகாரி மூலநோய்க்கு வைத்தியர் பெயர் சொன்னார். வீட்டுக்கு வந்ததும் முழங்காலைக் கட்டிக்கொண்டே காகிதக் கட்டை அவளிடம் நீட்டினார்.

"லோகா, இத நீயே எழுதிடேன்."

"எனக்கு ஊட்டு வேலையே தலைக்கு மேல கெடக்குதேங்க."

எங்கேயோ கேட்ட வாக்கியமாக இருந்தது. "சமையல நான் பாத்துக்கறேன்டி."

"புஸ்தகத்துல பேரு?"

"உன்னுதுதான்."

"அந்த டீச்சர் வேலை?"

உலகநாதனுக்கு அன்றைய ஆறிப்போன காபி ஞாபகம் வந்தது. அதைத்தான் அவர் சொல்லவே இல்லையே!

"எழுது தாயே. மொதல்ல அந்தக் கால் சமாசாரத்த முடி."

லோகநாயகி பேனாவை வாங்கி ஒரே இழுப்பில் எழுதினாள். "முடிஞ்சுது. செத்துப்போனத இங்கிலீஷ்காரன் வாளிய ஒதச்சான்னு சொல்லுவான்."

உலகநாதன் அப்பாடா என்று காலை நீட்டினார். ஆனால் அன்றிலிருந்து குளியலறையில் வாளிக்கு ஒரு முழம் தள்ளி நின்றுதான் குளிக்கிறார்.

புத்தகம் வந்தது. அட்டையில் 'லோகநாயகி, பி.ஏ.' வேலையும் கிடைத்தது. அதிகாரம் தன் கையில் என்பதை ஸ்பெயின்காரர்கள், வாணலியின் கைப்பிடி என் கையில் என்பார்களாம். ஆவடியில் கைப்பிடி உலகநாதன் கையில். அதிகாரம் மட்டும் தினமும் காலையில் பூந்தமல்லி பஸ் ஏறிப் போகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, வெங்காயத்தை வதக்கி இறக்கிவிட்டு, காலை நீட்டி உட்கார்ந்து மெதுவாகக் கேட்டார்.

"லோகா, பூசணிக்காய ஜன்னல் வழியா எட்டி எடுத்துக்கினது குப்பம்மா. சாமானத் தூக்கனது நீங்க ரெண்டு பேரும். எல்லாம் எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சா சரி" என்றாள் லோகநாயகி, பரீட்சைத் தாளைத் திருத்தியபடி.

"ஆனா அந்த மூணு கால் பூனை. அத எங்கடி புடிச்ச?"

சிவப்புப் பென்சில் நின்றது. லோகநாயகி நிமிர்ந்து பார்த்தாள்.

"பூனையா? எந்தப் பூனைங்க?"

உலகநாதன் நீட்டியிருந்த கால்களை மெல்ல மடக்கிக்கொண்டார்.