ஞானஸ்நானத்தன்று நான் மாற்றிய ஐ.பி. முகவரி

எனக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. ஒழுங்காக ஓடிக்கொண்டிருக்கும் எந்தப் பொருளையும் சும்மா விட்டுவைக்க மாட்டேன். கை நமநமக்கும். ஃபேன் சத்தமில்லாமல் சுற்றினால்கூட, உள்ளே என்னவோ ஆகிவிட்டது என்று ஸ்டூல் தேடுவேன். (என் மனைவி ஜெசிந்தா இதற்கு வைத்திருக்கும் பெயரை இங்கே எழுத முடியாது.)

தூத்துக்குடியில் மாமனார் வீட்டு விளக்கு, கேட், தண்ணீர் மோட்டார் மூன்றையும் போனிலிருந்தே இயக்க ஒரு கண்ட்ரோலர் பெட்டி மாட்டிக் கொடுத்திருந்தேன். அப்போது கல்யாணமாகி ஒரு வருடம். மாமா தோணியில் தண்டலாக, அதாவது தலைமை மாலுமியாக இருந்தவர். கொழும்புக்கும் மாலத்தீவுக்கும் காற்றைப் பார்த்தே தோணி ஓட்டியவர். சாயர்புரத்திலிருந்து வந்து கம்ப்யூட்டர் தட்டுகிற மருமகனை அவர் இன்னும் ஓர் ஆளாக எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெட்டியை வைத்தாவது பெயர் வாங்கலாம் என்று பார்த்தேன்.

பெட்டியில் ஒரே குறை. கரண்ட் போய் வரும்போதெல்லாம் ரவுட்டர் அதற்கு வேறு ஐ.பி. முகவரி, அதாவது வேறு கதவு எண் கொடுத்துவிடும். போன் பழைய முகவரியில் போய்த் தட்டும். அங்கே ஆள் இருக்காது. நிலையாக ஒரு முகவரி போட்டுவிட்டால் தீர்ந்தது. ஐந்து நிமிட வேலைதான். அதற்கு நான் தேர்ந்தெடுத்த நாள் இருக்கிறதே!

மச்சினன் ஜெரோமின் மகளுக்கு ஞானஸ்நானம். ஞாயிறு காலை ஒன்பது மணிக்கு. நேரம் தவறினால் சாமியார் "அடுத்த மாசம் வாங்க" என்று திருப்பி அனுப்பிவிடுவார். சடங்கில் பிள்ளைக்குப் பொறுப்பேற்கும் ஞானத்தகப்பனோ கப்பலில் வேலை பார்க்கும் சித்தப்பா. செவ்வாய்க்கிழமை கப்பலேறினால் அடுத்த வருடம்தான் கரைக்கு வருவார். வீடு கொள்ளாத சொந்தக்காரர்கள். விடிவதற்குள் பாதிப்பேர் குளித்து மாடித்தொட்டியை ஏறக்குறைய காலி செய்துவிட்டார்கள். ஏழரைக்கு மோட்டாரைப் போட வேண்டும். ஏழு இருபதுக்கு எனக்குக் கை நமநமத்தது.

முகவரியின் கடைசி எண்ணாக என்ன போடலாம்? மாமா மனசு குளிரட்டும் என்று 153 போட்டேன். வேதாகமத்தில் வலை கிழியாமல் அகப்பட்ட மீன்கள் நூற்று ஐம்பத்து மூன்று. கடற்கரைக் குடும்பத்துக்கு அதைவிட ராசியான எண் உண்டா? அந்த வீட்டில் படகு, பைக், போன் எல்லாவற்றிலும் அந்த எண்தான். பழைய முகவரியை எழுதி வைத்தேனா? இல்லை. புது எண் காலியாக இருக்கிறதா என்று பார்த்தேனா? சேச்சே, அதெல்லாம் விஷயம் தெரியாதவர்கள் செய்கிற வேலை. சேமித்தேன்.

கண்ட்ரோலர் காணாமல் போய்விட்டது.

புது முகவரியைப் போனில் தட்டினேன். ஏதோ ஒரு பக்கம் வந்து பாஸ்வேர்டு கேட்டது. படகுப் பெயரோடு அந்த எண்ணையே போட்டேன். திறந்தது. பனியனோடு ஒரு மனுஷன் வாயைப் பிளந்து போனையே பார்த்துக்கொண்டிருந்தான். யாருடா இந்தப் பேக்கு என்று பார்த்தால், நான்! வீட்டுக் கேமரா என்னைக் காட்டிக்கொண்டிருந்தது. அப்போதும் எனக்கு மண்டையில் ஏறவில்லை. எவனோ பெட்டியைக் கைப்பற்றிவிட்டான் என்று வேர்த்துப்போனேன்.

"மாப்பிள்ள, கொழாயில காத்துதான் வருது. மோட்டரப் போடலியா?" என்றார் மாமா.

"இந்தா... ரெண்டு நிமிஷம் மாமா."

"பழைய சுவிச்ச எங்க?"

அதை 'இனிமே எதுக்கு' என்று கழற்றிப் போட்டவனும் நான்தான். மாமா டெஸ்டரோடு சுவரை நெருங்க, அத்தை குறுக்கே விழுந்தார். "கைய வச்சீயன்னா பாருங்க! இன்னிக்கு ஞானஸ்நானமா, அடக்கப் பூசையா?"

கீழ்த்தொட்டி நிறையத் தண்ணீர் இருந்தது. அதன் மூடிமேல்தான் அடுப்பு மூட்டிப் பிரியாணி அண்டா கொதித்துக்கொண்டிருந்தது. கேன் தண்ணீர் முழுக்க அந்த அண்டாவுக்குள் போயிருந்தது. பக்கத்து வீட்டார் வீட்டைப் பூட்டிக்கொண்டு முதல் பூசைக்குப் போயிருந்தார்கள். மணி எட்டேகால். நான் ரவுட்டரை அணைக்கிறேன், போடுகிறேன், மறுபடி அணைக்கிறேன். நின்ற இடத்தில் நிற்க முடியவில்லை. அப்போதுதான் குளியலறையிலிருந்து கத்தல். மிச்சமிருந்த அரை வாளித் தண்ணீரை நம்பி உள்ளே போன பிள்ளையின் அப்பா ஜெரோம், தலை முதல் கால் வரை சோப்போடு நிற்கிறான்!

"அத்தான், என்னதான் செய்தீய?"

கதவோரம் போய்ச் சொன்னேன். "கண்ட்ரோலர் முகவரிய மாத்துனேன்லே."

"என்ன நம்பர் போட்டீய?"

"நூத்தி அம்பத்தி மூணு."

உள்ளே காலி வாளி உருண்டது. "அது கேமராவுக்கு நான் போட்டதுல்லா!"

"அத ஏம்லே போட்ட?"

"நீங்க ஏன் போட்டீயளோ, அதுக்குத்தான்!"

ஒரே முகவரியில் இரண்டு பெட்டிகள். கேமரா முந்திக்கொண்டு பதில் சொல்லியிருக்கிறது. ஓடிப்போய்க் கேமரா வயரைப் பிடுங்கினேன். கண்ட்ரோலர் சாதுவாகத் திரும்பி வந்தது. மோட்டார் உறுமியது. ஆனால் மாடித்தொட்டியில் ஏறிக் குழாய்க்கு வரும்வரை ஜெரோம் பொறுக்கவில்லை. விருந்துக்கு வாங்கிய பன்னீர் சோடாவில் ஒரு பெட்டியை மாமாவே கதவிடுக்கில் ஒவ்வொரு பாட்டிலாக நீட்ட, அவன் அதில் குளித்து முடித்திருந்தான். (அதை உடைத்து உடைத்துக் கொடுத்த கை என்னுடையது. அந்த அளவுக்காவது உபயோகப்பட்டேன்.)

ஒன்பதுக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கோயிலுக்குள் நுழைந்தோம். ஜெரோமைச் சுற்றி ஈ. சாமியார் இரண்டு தடவை மூக்கை உறிஞ்சினார். அப்பன் தூக்கி வைத்திருந்த பிள்ளை, சடங்கு முடியும்வரை ஒரு பொட்டுக்கூட அழவில்லை. அவன் கன்னத்தை நக்கிக்கொண்டே இருந்தது. "எவ்வளவு அமைதியான குழந்தை!" என்று சாமியார் மெச்சினார். சித்தப்பா சிரிப்பை அடக்க முடியாமல் மெழுகுதிரியை அணைத்துவிட்டார். வெட்கத்தில் நான் தூணுக்குப் பின்னால் நின்றேன்.

வீடு திரும்பும்போது ஜெசிந்தா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்: "அந்த நம்பர் சும்மா கெடக்கான்னு மொதல்லயே பாத்திருக்கக் கூடாதா?"

மறுநாளே மாமா எலெக்ட்ரீஷியனை வரவழைத்து, சுவரில் தனியாக ஒரு பெரிய சுவிட்ச் போடச் சொன்னார். கண்ட்ரோலர் செத்தாலும் மோட்டார் ஓடும். அதன்மேல் மார்க்கரால் 'மாப்பிள்ளை' என்று தன் கையாலேயே எழுதினார். இப்போது ஜெசிந்தா ஊருக்குப் போயிருக்கும்போது நான் போன் பண்ணினால், பின்னால் அத்தையின் குரல் கேட்கும்: "ஏளா, தொட்டி காலி, மாப்பிள்ளையப் போடு!" கொஞ்ச நேரத்தில், "மாப்பிள்ளைய அமத்துளா, தண்ணி வழியுது!"

அந்தப் பிள்ளைக்கு இப்போது நாலு வயது. போன வாரம் நாற்காலியில் ஏறி அந்த சுவிட்சைத் தட்டிவிட்டு, என்னைத் திரும்பிப் பார்த்துச் சொன்னாள்: "மாமா, ஒங்கள அமத்தியாச்சு."