ப்ளூமாவை மன்னிப்புக் கேட்க வைத்த கதை

இந்த யோம் கிப்பூருக்குள் என் மனைவி ப்ளூமாவை மன்னிப்புக் கேட்க வைத்தே தீருவது என்று சபதம் எடுத்தேன். பாவம் தீர வருஷத்தில் ஒரு நாள் விரதம். அதற்கு முன்னால், புண்படுத்திய ஆளிடம் போய் மன்னிப்புக் கேட்டாக வேண்டும். இல்லாவிட்டால் கடவுளும் மன்னிக்க மாட்டார். எங்கள் ப்ரூக்ளினில் யூதக் கணவன்மாருக்குச் சாதகமாக இருக்கிற ஒரே சட்டம் இதுதான்.

நடந்தது இது. சுவரில் அலமாரி மாட்டினேன். அலமாரி கெட்டியாகத்தான் இருந்தது. சுவர்தான் பெயர்ந்து வந்துவிட்டது. கூடவே மாமியார் கொடுத்த பீங்கான் தட்டுகளும். எதிர்வீட்டு ரைஸல் அம்மாள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ப்ளூமா என்னை "ஷ்லெமீல்" என்றாள்.

நூலகத்துக்குப் போய் ஆங்கில அகராதியைப் புரட்டினேன். எங்கள் யிட்டிஷ் மொழி வசவு அங்கே ஜம்மென்று உட்கார்ந்திருந்தது. தொட்டதையெல்லாம் கெடுக்கிற அசடன் என்று பொருள். வேதத்தில் வரும் செலூமியேல் என்ற கோத்திரத் தலைவன் பெயரிலிருந்து வந்திருக்கலாமாம். அவன் போன சண்டையெல்லாம் தோற்றான் என்று ஒரு கதை. அது நிச்சயமில்லையாம். அசடன் என்பதில்தான் யாருக்கும் சந்தேகமில்லை. எனக்கு உண்மையிலேயே வலித்தது.

பொழுது சாய்ந்தால் விரதம். அன்று காலை ப்ளூமா என் முன்னால் வந்து நின்றாள். கூடவே ரைஸல் அம்மாளும், மாடிவீட்டுப் பெரியவர்கள் இரண்டு பேரும். என் வெற்றியைப் பார்க்கக் கூட்டம் வந்திருக்கிறது என்று நினைத்தேன்.

"என்னங்க, அன்னிக்கு வாய் தவறிடுச்சு. மன்னிச்சிடுங்க."

"முடியாது. அது எங்கேருந்து வந்த வார்த்தைன்னு தெரியுமா?"

"வேதத்துல வர்ற தலைவர் பேருன்னு சொல்றாங்க. பெரிய மனுஷர் பேரைத்தானே சொன்னேன்?"

"போன சண்டையெல்லாம் தோத்த பெரிய மனுஷர்."

"நீங்க எதுல ஜெயிச்சீங்க? சரி, விடுங்க. மன்னிச்சிடுங்க."

"இதெல்லாம் ஒரு மன்னிப்பா? முடியாது."

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "தப்புதாங்க. இனிமே சொல்லமாட்டேன். மன்னிச்சிடுங்க."

மனம் இளகத்தான் செய்தது. ஆனால் நாலு பேர் பார்க்கிறார்களே. "ம்ஹூம். இன்னும் நல்லா கெஞ்சு," என்றேன்.

ரைஸல் அம்மாள் விரலை மடக்கினாள். "மூணு ஆச்சு."

"என்ன மூணு?"

"சாட்சி வெச்சு மூணு தடவை கேட்டாச்சு, ஹெர்ஷல் தம்பி. இனிமே பாவம் அவ தலையில இல்ல. மன்னிக்காத உன் தலையில."

பெரியவர்கள் இருவரும் ஆமாம் என்று தலையாட்டினார்கள். நான் ரைஸல் அம்மாள் பக்கம் திரும்பினேன். "இப்ப நான் என்ன பண்றது?"

"அவகிட்ட மன்னிப்புக் கேளு. பொழுது சாயறதுக்குள்ள கேளு."

"ப்ளூமா," என்றேன், "மன்னிச்சிடும்மா."

ப்ளூமா நாற்காலியை இழுத்துப் போட்டு வசதியாக உட்கார்ந்தாள்.

"ஒண்ணு," என்றாள்.