மூடிய தியேட்டரும் என் முன்னறையும்

என் வீட்டில் என் பேச்சுக்கு மறுபேச்சே கிடையாது. நான் பேசி முடிப்பதற்குள் மனைவி சமையலறைக்குப் போய்விடுவாள், அவ்வளவுதான்.

அவளுக்கு முன்னறை வேண்டுமாம். படுக்கையறை மூலை இருட்டில் தையல் மெஷினைப் போட்டுக்கொண்டு, ஊசியில் நூல் கோத்துக் கோத்துக் கண்ணே போச்சு என்றாள். முன்னறையில் பெரிய ஜன்னல் இருக்கிறது. ஆனால் அந்த ஜன்னலோரத்தில்தான் என் சாய்வு நாற்காலியும் இருக்கிறது. வாரம் பூராவும் பம்ப் கடையில் நின்று பில் போடுகிற மனுஷன், ஞாயிற்றுக்கிழமை காலை நீட்டி உட்கார அந்த ஒரு இடம்தான். உயிரைக் கேட்டிருந்தால்கூட யோசித்திருப்பேன்.

முடியாது என்று முகத்துக்கு நேரே சொல்கிற ரகம் இல்லை நான். மூளையை உபயோகிக்கிற ரகம். மறுநாளே ஹெல்மெட், டார்ச், கயிறு, முழங்கால் வரைக்கும் பூட்ஸ் என்று வாங்கிவந்து முன்னறை முழுக்கக் கடை பரப்பினேன்.

"என்னங்க இது?"

"இனிமே பாழடைஞ்ச கட்டடங்களை ஆராயப் போறேன். மூடின மில்லு, ஆள் இல்லாத ஊரு, எல்லாம். அதுக்கு இந்த ரூம்தான் தலைமையகம்."

சிரிப்பாள் என்று நினைத்தேன். கன்னத்தில் கை வைத்து உட்கார்ந்து கேட்டாள். அந்த மரியாதையில் எனக்குத் தலைகால் புரியவில்லை. விதிமுறைகளை எடுத்துவிட்டேன். சொந்தக்காரர் அனுமதி இல்லாமல் வாசப்படி மிதிக்கக் கூடாது. தனியாகப் போகக் கூடாது. தரையைக் கம்பால் தட்டிப் பார்த்துத்தான் கால் வைக்கணும். உள்ளே எதையும் தொடக் கூடாது, நகர்த்தக் கூடாது, இருந்தது இருந்தபடி விட்டுவிட்டு வரணும். ஒவ்வொன்றையும் அவள் திருப்பிக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். அனுமதி இல்லாமல் போனால் என்ன என்றாள். சட்ட விரோதம் என்றேன், வக்கீல் கணக்காக.

உங்களிடம் மறைப்பானேன். நான் எங்கேயும் போவதாக இல்லை. பல்லியைக் கண்டாலே பாயைச் சுருட்டுகிறவன் நான். பாழடைந்த கட்டடத்துக்கு எந்த சொந்தக்காரன் அனுமதி தரப்போகிறான்? அனுமதிக்குக் காத்திருக்கிறேன் என்று சொல்லி ஆயுசு பூராவும் நாற்காலியிலேயே சாய்ந்து கிடக்கலாம். திட்டம் அதுதான்.

சனிக்கிழமை சாயங்காலம் அவள் காபி டம்ளரோடு வந்தாள்.

"தெருக்கோடித் தியேட்டர் ஓனர்கிட்ட அனுமதி வாங்கிட்டேங்க. அவர் சம்சாரத்துக்கு நான்தானே தைக்கிறேன். தனியா போகக் கூடாதுன்னீங்களே, வாட்ச்மேன் கூட வருவாரு."

ஞாயிறு காலை ஹெல்மெட் வாரைத் தன் கையாலேயே மாட்டி அனுப்பினாள்.

தியேட்டர் மூடி எத்தனையோ வருஷம். கிழிந்த திரை, கூரையில் புறாக்கள், தூசியில் மூழ்கிய நாற்காலிகள் வரிசை வரிசையாக. கம்பால் தட்டித் தட்டி வீரமாக முன்னேறினேன். ஒரு புறா படபடத்தது. சட்டையை விடுங்க சார் என்று வாட்ச்மேன் சொன்ன பிறகுதான் அவரைக் கட்டிப்பிடித்திருப்பது எனக்கே தெரிந்தது.

கிளம்பலாம் என்றேன். பால்கனி பார்க்கவில்லையே என்றார். பால்கனி முடிந்தது, படம் ஓட்டுகிற ரூம் என்றார். அப்புறம் டிக்கெட் கவுண்டர். கடைசியில் தண்ணீர்த் தொட்டியைக்கூட விடவில்லை. போதும்ப்பா என்று கெஞ்சினேன்.

"இருங்க சார். சாயங்காலம் வரைக்கும் நிதானமா சுத்திக் காட்டச் சொல்லி உங்க வீட்டம்மா சொல்லியிருக்காங்க."

என் ஆசை மேல் அவளுக்கு எவ்வளவு அக்கறை. கண்ணில் வந்த நீரைத் துடைத்துக்கொண்டேன். தூசியாலும் இருக்கலாம்.

போருக்குப் போய்த் திரும்பியவன் மாதிரி வீட்டுக்கு வந்தேன். முன்னறை ஜன்னலோரத்தில் தையல் மெஷின். பக்கத்தில் துணி வெட்டுகிற மேஜை. என் தலைமையகம் ஒரு சாக்கு மூட்டையாகி மூலையில் கிடந்தது. நாற்காலி கொல்லையில், அதன் மேல் காயப்போட்ட போர்வை. ஒரு காலை உள்ளே வைத்தேன்.

"நில்லுங்க. சொந்தக்காரங்ககிட்ட அனுமதி வாங்கினீங்களா?"

"என் வீட்டுக்கு நான் யாருகிட்ட வாங்கணும்?"

"வீடு யார் பேர்ல இருக்கு?"

அவள் பேரில்தான். மாமனார் வீட்டை எழுதிக் கொடுத்த அன்று, அவ பேர்லயே இருக்கட்டும் மாமா என்று ஊர் கேட்கப் பெருந்தன்மை காட்டியவன் நான்தான். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

மெஷினையாவது கொஞ்சம் தள்ளலாம் என்று கையை நீட்டினேன். தொடாதீங்க, இருந்தது இருந்தபடி விடணும் என்றாள். சட்டம் அவள் பக்கம். கத்தரிக்கோலும் அவள் கையில். குரலை இறக்கிக்கொண்டு கடைசி அஸ்திரத்தை எடுத்தேன்.

"அப்போ ஞாயித்துக்கிழமை நான் எங்கதான் உக்கார்றது?"

ஜன்னல் வெளிச்சத்தில் ஊசியை உயர்த்திப் பிடித்தாள். முதல் தடவையிலேயே நூல் உள்ளே போனது.

"தியேட்டர்ல அத்தனை நாற்காலி சும்மாதானே கிடக்கு? வாராவாரம் போறதுக்குத்தாங்க அனுமதி வாங்கியிருக்கேன்."