நல்லம்பள்ளி வாசலில் மூக்கில்லாத மாமா

அரைகுறையாகக் கற்ற எதையும் உறவினர் வீட்டு விசேஷத்தில் சோதித்துப் பார்க்கக் கூடாது. எனக்கு இதைப் புரியவைத்தவர் ஏணி மேல் நின்ற ஒரு மேஸ்திரி.

ஓசூரில் இயந்திர பாகங்களுக்கு வரைபடம் போடுவது என் வேலை. ஓய்வு நேரத்தில் பின்நவீனத்துவ உருவ ஓவியம். (ஆறு வீடியோ பார்த்திருந்தேன். போதாதா?) மேசைக்கு எதிரே விதிகளை எழுதி ஒட்டியிருந்தேன்: ஒன்று, நிழல் கூடாது. இரண்டு, ஆழம் காட்டுவது பொய். முகமும் சுவர் போலத் தட்டையாக இருக்கட்டும். மூன்று, நிறத்தைக் குழைக்காதே, டப்பாவில் இருப்பதை அப்படியே பூசு.

நல்லம்பள்ளியில் அத்தை வீட்டுக் கிரகப்பிரவேசம் வந்தது. "உங்கையால ஒரு படம் போட்டுக் கொண்டா கண்ணு. நல்லா இருந்தா ஹால் செவுரு பூரா உனக்குத்தான்" என்றார் மாமா. பதினாறடிச் சுவர்! அதற்கு ஸ்கெட்ச், பெயின்ட் பட்டியல் எல்லாம் அன்றே தயார். படத்துக்கு மாமாவையே வரைந்தேன். ஆரஞ்சு முகம், நீல மீசை, பச்சைப் பின்னணி. அகலத் திறந்த இரண்டு கண்கள்.

விசேஷத்தன்று படத்தை ஹால் மூலையில் சாய்த்துவிட்டுச் சாப்பிடப் போனேன். (கேசரி இரண்டு முறை.) திரும்பினால் வாசலில் கூட்டம். மாடிக் கைப்பிடிச் சுவரில், திருஷ்டிப் பூசணிக்காய்க்குப் பக்கத்தில், என் படம்!

"திருஷ்டிப் படம் மூலையில இருக்குன்னாங்க. பாத்தா ரெண்டு இருந்துச்சுங்க" என்றார் மேஸ்திரி, ஏணியிலிருந்தே. "கடையில வாங்குனது சிரிக்கிற மாதிரி இருந்துச்சு. இதுதாங்க பயமா இருந்துச்சு."

கீழே நின்ற மாமா கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டார்.

"ஏங்கண்ணு, அது நானா?"

"ஆமாங்க மாமா. பின்நவீனத்துவம்."

"எம் மூக்கு எங்க?"

"மூக்கு தெரியணும்னா நிழல் போடணுங்க. இதுல நிழலே கிடையாது."

"மூக்கு இல்லாட்டி என்ன?" என்றார் அத்தை. "கோவம் வந்தா உங்க மூஞ்சி அச்சு அதேதான்."

கழற்றச் சொல்லிக் கெஞ்சினேன். மேஸ்திரி அசையவில்லை. "சூடம் காட்டியாச்சுங்க. இனி எறக்குனா வூட்டுக்கு ஆகாது."

அடுத்த மாதம் போனபோது ஹால் சுவர் முழுக்க ஒகேனக்கல் அருவி ஸ்டிக்கர். நிழல், ஆழம், நுரை, எதற்கும் குறைவில்லை.

மாமா மட்டும் இன்னும் வெளியே வெயிலில்தான் இருக்கிறார். ஆரஞ்சு துளியும் வெளுக்கவில்லை. (மூன்றாவது விதி மட்டும் சரி.) போன வருடம் பதவி உயர்வு கிடைத்ததும் மாமாவுக்குப் போனில் சொன்னேன்.

"சந்தோசம் கண்ணு" என்றார். "ஊரு கண்ணு பொல்லாதது. உம் மூஞ்சியையும் ஒண்ணு வரைஞ்சு வாசல்ல மாட்டிக்க."