நோவுக்கு முன்னால் இலக்கம்

இலக்கக்காரர் என்று ஓர் இனம் உண்டு. லிஸ்பனிலும் மார்செய்யிலும் அந்த இனத்தைக் கண்டிருக்கிறேன். ஆனால் நன்றாக முற்றிப் பழுத்த ஒருவரைப் பார்க்க வேண்டுமானால் நீங்கள் பலேர்மோவுக்குத்தான் வர வேண்டும். இங்கே அவருக்குப் பெயர் சுவாம்பிள்ளை.

ஒரு வைத்தியசாலையின் பதிவறையை ஐந்து வருடமாகக் கூட்டித் துடைப்பவர். நோய்களுக்கும் விபத்துகளுக்கும் இலக்கம் போடும் தடித்த புத்தகம் அங்கேதான் இருக்கிறது. தூசு தட்டத் திறந்தவர் இன்னும் மூடவில்லை. ஞாயிறு பூசை முடிந்து கோயில் வாசலில் யாராவது முழங்காலைத் தடவினால் போதும், என்ன நடந்தது என்று கேட்கமாட்டார், இலக்கம் சொல்லுவார். படியில் சறுக்கியவருக்கு 880, ஏணியிலிருந்து விழுந்தவருக்கு 881, நாய் கடித்தவருக்கு 906, அந்த நாய் யாருடையது என்று சொல்ல வந்தால் கையமர்த்திவிடுவார். கதை எதற்கு?

அவருக்கு மிகவும் பிடித்தது குழியில் விழுந்தவர்களுக்கான 883, அதிலும் புள்ளி பூச்சியம்: தண்ணீருக்குள் பாய்ந்தோ குதித்தோ பட்ட காயம். புள்ளி ஒன்று, கிணற்றில் விழுந்தவருக்கு. புள்ளி இரண்டு, சாக்கடைக் குழியில் விழுந்தவருக்கு. ஆக, மத்தியதரைக் கடலும் ஒரு குழிதான். புத்தகமே சொன்ன பிறகு கடல் என்ன சொல்வது?

1997 ஆவணியில், மொண்டெல்லோக் கடற்கரையில் குடை விரிக்கும் விமலராஜ் கழுத்தைப் பிடித்தபடி அவசரப் பிரிவுக்கு வந்தார். கூடவே மனைவி கிளறா. மொழிபெயர்க்க, யாரும் அழைக்காமலே, சுவாம்பிள்ளை. வேலையில் பட்ட காயம் என்று தாளில் இருந்தால் கழுத்து ஆறும்வரை வேலை காத்திருக்கும்; இல்லாவிட்டால் திங்கட்கிழமை வேறொருவர் குடை விரிப்பார்.

எப்படி நடந்தது என்று டொக்டர் கேட்டார். விமலராஜ் வாய் திறக்குமுன், "கடலில் குதித்தார், எண்ணூற்று எண்பத்து மூன்று" என்று சுவாம்பிள்ளை இத்தாலியனில் முடித்துவிட்டார். டொக்டர் நன்றியோடு எழுதத் தொடங்கினார்.

"அண்ணை, நான் விளையாட்டுக்குக் குதிக்கேல்லை. மிதிபடகு அள்ளுப்பட்டுப் போகுது, முதலாளி 'போய்ப் பிடி' எண்டு கத்தினவர்..."

"நீர் குதிச்சனீரோ, இல்லையோ?"

"குதிச்சனான்."

"பிறகென்ன கதை?"

"கதையில்லாமல் கழுத்து நோகுமே, அண்ணை?" என்றார் கிளறா. "கொஞ்சம் வாயை மூடிக்கொண்டு நில்லுங்கோ."

நகரின் சீசா என்ற பகுதியில் ஓர் இத்தாலியச் சின்யோரா அம்மா வீட்டில் எட்டு வருடம் வேலை செய்து கற்ற இத்தாலியனில் அவரே டொக்டரிடம் சொன்னார்: "டொத்தோரே, லவொராவா." வேலையில் இருந்தார்.

பேனா நின்றது. பிறகு இலக்கத்துக்குக் கீழே, அதுவரை எவரும் கண்டுகொள்ளாத, 'வேலையில் பட்ட காயம்' என்ற ஒரு சின்னக் கட்டத்தில் புள்ளடி இட்டது. விமலராஜ் கண்ணை மூடிப் பெருமூச்சு விட்டார்.

சுவாம்பிள்ளை தாளை எட்டிப் பார்த்தார். "பாத்தனீங்களே? இலக்கம் மாறேல்லை. நான் சொன்னதுதான்." வென்றவராக வீட்டுக்குப் போனார்.

சிரிக்கிறீர்கள். நல்லது. ஆனால் முதல் பந்தியிலேயே உங்கள் ஊர் ஆள் ஒருவரை நினைத்து, "ஆ, இது எங்கடை பீலிக்ஸ் அண்ணையெல்லோ!" என்று முடிவுகட்டி, மிச்சத்தை மேலோட்டமாகப் பார்க்கவில்லைதானே? பீலிக்ஸ் அண்ணை பேசத் தொடங்கினால், அவர் முடிக்கும்வரை என்றைக்காவது இருந்திருக்கிறீர்களா? இல்லையென்றால் கொஞ்சம் பொறுங்கள், உங்களுக்கும் ஓர் இலக்கம் இருக்கும். சுவாம்பிள்ளையிடம் கேட்டுச் சொல்கிறேன்.